உங்களுக்குத் தெரியுமா? பிரவுசரை விட்டு வெளியே வந்த ஜாவாஸ்கிரிப்ட்

ஜாவாஸ்கிரிப்ட் என்றாலே பிரவுசருக்குள் ஓடுவது என்றுதான் பலருக்கும் பழக்கம். அதே புரோகிராமைச் சி கம்பைலர் வழியாக அனுப்பி, தனியே ஓடும் எக்ஸ்இ ஃபைலாகவும் வாங்கலாம். எப்படி, எந்த அளவுக்கு, எதை விட்டுக்கொடுத்து? போடிநாயக்கனூரில் ஓர் ஏலக்காய்க் கடைக்கு எடையும் விலையும் போடும் சின்னக் கணக்கு புரோகிராம் எழுதுவதாக வைத்துக்கொண்டு பார்ப்போம்.

பத்து நாள் வேலை

1995 மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் இந்த மொழியின் முதல் வடிவத்தை எழுதினார். அப்போது அதன் பெயர் மோக்கா. பிறகு லைவ்ஸ்கிரிப்ட் ஆனது. அந்த ஆண்டு டிசம்பரில்தான் ஜாவாஸ்கிரிப்ட். ஜாவா அப்போது கொடிகட்டிப் பறந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது; இரண்டு மொழிகளுக்கும் ரத்த உறவு கிடையாது. வெப் பக்கத்தில் பட்டனைத் தட்டினால் ஏதாவது நடக்க வேண்டும், அவ்வளவுதான் அன்றைய தேவை.

மதுரையில் பிறந்தவரின் பிரவுசர்

மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை கூகுளில் முன்னின்று கொண்டுவந்த குரோம், 2008 செப்டம்பர் 2 அன்று வெளியானது. அதனுள் இருந்த வி8 எஞ்சினை லார்ஸ் பாக் தலைமையிலான குழு உருவாக்கியது. வி8-இன் முதல் வடிவம் பைட்கோடு என்ற இடைநிலை வடிவம் எதுவும் இல்லாமல் ஜாவாஸ்கிரிப்டை நேராக மெஷின் கோடாக மாற்றியது. ஆனால் அது புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெமரியில் நடக்கிற மாற்றம். அதற்கு 'ஜிட்' என்று பெயர். டேபை மூடினால் அந்த மெஷின் கோடும் போச்சு. ஓடுவதற்கு முன்பே மாற்றி, டிஸ்க்கில் ஃபைலாக வைத்துக்கொள்வது 'ஏஓடி'. இந்தப் பக்கத்தில் நாம் பார்ப்பது இரண்டாவது ரகம்.

ரெக்கார்டு நோட்டில் இருக்கும் உத்தி

போடிநாயக்கனூர் அரசு பொறியியல் கல்லூரி 2012-இல் தொடங்கியது. அங்கு நடத்தப்படும் அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பவர்களுக்குக் கம்பைலர் டிசைன் ஒரு பாடம். லேபில் லெக்ஸ், யாக் என்ற கருவிகளைத் தொடாமல் யாரும் தப்பிக்க முடியாது. இலக்கண விதிகளை எழுதிக் கொடுத்தால் இவை மெஷின் கோடு தருவதில்லை. ஒரு சி ஃபைலைத்தான் தருகின்றன. அதை ஜிசிசி என்ற சி கம்பைலரிடம் கொடுத்த பிறகுதான் 'ஏ.அவுட்' என்ற ஓடும் ஃபைல் வரும். வேறொரு மொழியில் எழுது, அதைச் சி ஆக்கு, மீதியைச் சி கம்பைலர் பார்த்துக்கொள்ளும் என்ற உத்தி மாணவர்களின் ரெக்கார்டு நோட்டிலேயே இருக்கிறது.

லெக்ஸ் எழுதிய பையன்

லெக்ஸ் 1975-இல் பெல் லேப்ஸில் உருவானது. எழுதியவர்கள் மைக் லெஸ்க், எரிக் ஷ்மிட். ஷ்மிட் அப்போது அங்கே பயிற்சிக்கு வந்திருந்த மாணவர். குரோம் வெளியானபோது கூகுளின் சிஇஓ அவர்தான்.

எதற்குச் சி?

இன்டெல் சிப்புக்கு ஒரு மெஷின் மொழி, போனில் இருக்கும் ஏஆர்எம் சிப்புக்கு வேறொன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கோடு உருவாக்கும் பகுதியை எழுத உட்கார்ந்தால் ஆயுசு போதாது. டென்னிஸ் ரிட்ச்சி 1972 வாக்கில் பெல் லேப்ஸில் உருவாக்கிய சி மொழிக்கோ, புழக்கத்தில் உள்ள ஏறக்குறைய எல்லாச் சிப்புக்கும் கம்பைலர் இருக்கிறது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-இல் வெளியிட்ட ஜிசிசி காசில்லாமல் கிடைக்கிறது. அதனால் சி வரை கொண்டுவந்து சேர்த்தாலே பாதிக்கு மேல் வேலை முடிந்தது. மூணாறு தேயிலை ஒரு காலத்தில் போடிநாயக்கனூருக்கு, அதாவது போடிக்கு, இறங்கியதும் இப்படித்தான். மலை ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை, அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு, அதன்பின் வண்டியில் போடிக்கு. போடியைத் தொட்டுவிட்டால் சமவெளிப் பாதை ஏற்கெனவே இருந்தது. தோட்டக்காரர்கள் மலைப்பகுதிக்கு மட்டும் வழி செய்தால் போதுமாயிற்று. அந்த மலை ரயில் 1924 வெள்ளத்தில் அழிந்தது.

சி++ வந்த வழி

பியார்ன ஸ்ட்ரௌஸ்ட்ரப் 1980-களின் தொடக்கத்தில் எழுதிய முதல் சி++ கம்பைலரின் பெயர் சிஃப்ரன்ட். அதுவும் மெஷின் கோடு தரவில்லை. சி++ புரோகிராமைச் சி ஆக மாற்றிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. இன்று சி++ தனிக்குடித்தனம் நடத்தினாலும் அது முதலில் நடந்தது சி-யின் கைப்பிடித்துத்தான்.

ஃபேஸ்புக் செய்த பெரிய சோதனை

ஃபேஸ்புக் தளம் பிஎச்பி மொழியில் எழுதப்பட்டது. ஆட்கள் கூடக் கூட சர்வர் செலவு எகிறியது. 2010-இல் ஹிப்ஹாப் என்ற கருவியை வெளியிட்டார்கள். அது பிஎச்பியைச் சி++ ஆக மாற்றும். ஜி++ அதை ஒரே பைனரியாக்கும். வேகம் கிடைத்தது. ஆனால் சின்னத் திருத்தம் செய்தாலும் அவ்வளவையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். சில ஆண்டுகளிலேயே அதைக் கைவிட்டு, எச்எச்விஎம் என்ற ஜிட் முறைக்கு மாறினார்கள். முன்கூட்டியே கம்பைல் செய்வது எப்போதும் லாபம் என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல பாடம்.

ஒற்றை மனிதர், ஒரு பட்டறை அளவு வேலை

வீடியோ உலகமே நம்பியிருக்கும் எஃப்எஃப்எம்பெக், கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டரை ஓட்டும் கியூஇஎம்யூ, டைனி சி கம்பைலர் ஆகிய மூன்றையும் தொடங்கியவர் பிரான்ஸைச் சேர்ந்த ஃபாப்ரிஸ் பெல்லார்ட். 2009 கடைசியில் ஒரு சாதாரண டெஸ்க்டாப்பை வைத்துக்கொண்டு பை எண்ணை ஏறத்தாழ 2.7 லட்சம் கோடி இலக்கங்கள் வரை கணக்கிட்டுக் காட்டினார். 2019-இல் சார்லி கார்டனுடன் சேர்ந்து அவர் வெளியிட்டதுதான் குவிக்ஜேஎஸ். சி மொழியில் எழுதிய சின்ன ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின் அது.

எக்ஸ்இ எப்படி உருவாகிறது?

குவிக்ஜேஎஸ்ஸுடன் 'கியூஜேஎஸ்சி' என்ற கம்பைலர் வருகிறது. நம் ஏலக்காய்க் கணக்கு புரோகிராமை அதனிடம் கொடுத்தால் நடப்பது இது. முதலில் புரோகிராமைப் படித்து பைட்கோடாக்கும். அந்த பைட்கோடை ஒரு சி ஃபைலுக்குள் எண்களின் வரிசையாக எழுதும். ஃபைலைத் திறந்து பார்த்தால் கமா போட்ட எண்கள்தான் வரிவரியாக இருக்கும்; நாம் எழுதிய கணக்கு கண்ணில் படாது. கீழே குட்டியாக ஒரு 'மெயின்' ஃபங்ஷன் இருக்கும். எஞ்சினைக் கிளப்பி, அந்த எண் வரிசையை அதன் கையில் கொடுப்பதுதான் அதற்கு வேலை. பிறகு ஜிசிசி வந்து, இந்தச் சி ஃபைலையும் குவிக்ஜேஎஸ் எஞ்சினையும் ஒன்றாகப் பிணைத்து ஒரே பைனரியாக்கும். திரையில் ஒரு வரி காட்டும் சின்ன புரோகிராம் என்றால் சில நூறு கேபி கோடுதான். ஓட்டுவதற்குப் பிரவுசர் வேண்டாம், பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் போன்ற மென்பொருளும் வேண்டாம்.

நேட்டிவ், ஆனால் முழு நேட்டிவ் இல்லை

மேலே சொன்னதில் சூட்சுமம் ஒன்று இருக்கிறது. சி கம்பைலர் மெஷின் கோடாக, அதாவது நேட்டிவாக, மாற்றியது எஞ்சினைத்தான். நம் கணக்கு இன்னமும் பைட்கோடாகவே உள்ளே இருக்கிறது. எஞ்சின் அதை ஒவ்வோர் அடியாகப் படித்து ஓட்டுகிறது. எனவே எக்ஸ்இ ஆக்கியதால் மட்டும் கணக்கு வேகமாக ஓடாது. நமக்குக் கிடைக்கும் லாபம் வேறு: ஒரே ஃபைல், பென் டிரைவில் எடுத்துப்போகலாம், இன்ஸ்டால் செய்யும் தலைவலி இல்லை, தட்டியதும் கிளம்பும். ஓர் எஞ்சின் கிளம்பி, வேலை இல்லாமல் அடங்குவதற்கு ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆவதில்லை.

மூன்று ரகம்

'ஜாவாஸ்கிரிப்ட் எக்ஸ்இ' என்று சொல்லப்படுபவை மூன்று ரகம். முதலாவது, மூட்டை கட்டுவது. நோட், அதைப் போன்ற டீனோ, பன் ஆகியவற்றின் தனி ஃபைல் வசதி இந்த ரகம். முழு எஞ்சினையும் நம் புரோகிராமையும் ஒரே பொட்டலமாக்கிவிடும். உள்ளே ஜிட் இருப்பதால் வேகம் உண்டு, ஆனால் ஃபைல் பெரும்பாலும் 50 எம்பியைத் தாண்டும். இரண்டாவது, குவிக்ஜேஎஸ் போல பைட்கோடை உள்ளே வைப்பது. மூன்றாவது, ஜாவாஸ்கிரிப்டின் ஒவ்வொரு வரியையும் உண்மையாகவே சி ஆகவோ மெஷின் கோடாகவோ பெயர்ப்பது. மூன்றாவது ரகம்தான் கடினம். அது ஏன் கடினம் என்பது அடுத்த இரண்டு துணுக்குகளில்.

ஒரு கூட்டல் குறியின் தொல்லை

கிலோ விலை 2500 என்று கடைக்காரர் ஃபார்மில் டைப் செய்கிறார். ஜாவாஸ்கிரிப்டுக்கு அது எழுத்துச் சரம். அதோடு 100-ஐக் கூட்டினால் 2600 வராது, '2500100' வரும். அதே சரத்திலிருந்து 100-ஐக் கழித்தால் ஒழுங்காக 2400 வரும். கூட்டல் குறிக்கு எண்ணைக் கூட்டு என்றும் பொருள், எழுத்தை ஒட்டு என்றும் பொருள். எது என்பது ஓடும்போது கையில் என்ன இருக்கிறதோ அதைப் பொறுத்தது.

சி-க்கு அது புரியாது

சி மொழியில் இரண்டு முழு எண்களைக் கூட்டுவது சிப்பின் ஒரே கட்டளை. ஜாவாஸ்கிரிப்டைப் பெயர்க்கும்போது அந்த இடத்தில் வெறும் கூட்டலை எழுத முடியாது. 'இது எண்ணா, சரமா, வேறு ஏதாவதா? பார்த்துவிட்டுச் செய்' என்று ஒரு ஃபங்ஷனை அழைக்க வேண்டும். கூட்டலுக்குக் கூட்டல் இப்படிச் சோதனை நடந்தால், சி ஆக மாற்றியதன் பலனில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும்.

வகையைச் சொன்னால் வேகம்

மெட்டா நிறுவனம் 2023-இல் அறிமுகம் செய்த ஸ்டாட்டிக் ஹெர்மிஸ் என்ற கம்பைலர் இதற்கு ஒரு வழி சொல்கிறது. 'விலை ஓர் எண், எடை ஓர் எண்' என்று புரோகிராமர் வகையை எழுதிக் கொடுத்துவிட்டால், கம்பைலர் தயங்காமல் நேரடிச் சி கூட்டலை எழுதும். அந்தச் சி-யை கிளாங் என்ற சி கம்பைலர் மெஷின் கோடாக்கும். வகை சொல்லாத இடங்களில் பழைய சோதனை தொடரும்.

ஊகித்துப் பார்க்கும் பிரெஞ்சுக்காரர்கள்

பிரான்ஸின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் மானுவல் செரானோ உருவாக்கிய ஹாப் கம்பைலர், ஜாவாஸ்கிரிப்டை முதலில் ஸ்கீம் மொழிக்கும் அங்கிருந்து சி-க்கும் கொண்டுபோகிறது. வகையை யாரும் சொல்லாவிட்டாலும் புரோகிராமின் போக்கைப் பார்த்து, இது எண்ணாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கும். ஒரே ஃபங்ஷனுக்கு இரண்டு வடிவங்கள் எழுதி வைக்கும். ஊகம் பலித்தால் வேகமான வடிவம், பலிக்காவிட்டால் நிதானமான வடிவம்.

ஓடும்போதே எழுதப்படும் கோடு

ஜாவாஸ்கிரிப்டில் 'ஈவால்' என்று ஒரு வசதி உண்டு. ஒரு சரத்தைக் கொடுத்தால் அதையே புரோகிராமாக எடுத்து ஓட்டும். அந்தச் சரம் என்னவாக இருக்கும் என்று கம்பைல் செய்யும்போது யாருக்கும் தெரியாது. ஆகவே ஈவால் வேண்டுமென்றால் எக்ஸ்இக்குள் ஒரு கம்பைலரையும் சேர்த்து அனுப்ப வேண்டும். குவிக்ஜேஎஸ்ஸில் ஈவால், ரெகுலர் எக்ஸ்பிரஷன், ஜேசான் என்று நமக்குத் தேவைப்படாதவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு ஃபைலைச் சிறிதாக்கலாம்.

மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர்

'எடை', 'விலை', 'மொத்தம்' என்று தமிழிலேயே ஜாவாஸ்கிரிப்ட் மாறிகளுக்குப் பெயர் வைக்கலாம். எஞ்சின் முகம் சுளிக்காது. சி-யில் அவ்வளவு எளிதாக இல்லை. 2020-இல் வந்த ஜிசிசி 10-இல்தான் இத்தகைய பெயர்களை யூடிஎஃப்-8 எழுத்தாக நேரடியாக எழுதும் வசதி கிடைத்தது.

போடிநாயக்கனூரில் எத்தனை எழுத்து?

நாம் எண்ணினால் 8: போ, டி, நா, ய, க், க, னூ, ர். ஜாவாஸ்கிரிப்டிடம் நீளம் கேட்டால் 14 என்கிறது. கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. சி-யிடம் யூடிஎஃப்-8 சரமாகக் கொடுத்துக் கேட்டால் 42. ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். பில்லில் ஊர்ப் பெயரை 10 எழுத்தோடு வெட்டும்படி எழுதினால் ஜாவாஸ்கிரிப்டில் 'போடிநாயக்க' என்று நிற்கும். சி-யில் 10 பைட்டோடு வெட்டினால் 'போடி' கூட முழுதாக வராது. நம் கண்ணுக்குத் தெரிகிற எழுத்தாக எண்ணித் தரும் வசதி பிரவுசர்களில் இருக்கிறது. குவிக்ஜேஎஸ்ஸில் அந்தப் பன்மொழிப் பகுதி இல்லை. நாமே எழுதிக்கொள்ள வேண்டும்.

நூறு கிராமும் இருநூறு கிராமும்

0.1 கிலோவையும் 0.2 கிலோவையும் கூட்டினால் ஜாவாஸ்கிரிப்ட் 0.30000000000000004 என்று காட்டும். சி ஆக மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். சி-யின் 'டபுள்' வகையும் அதே 64 பிட் இரும மிதவைப் புள்ளிக் கணக்கைத்தான் செய்கிறது. எடையைக் கிராமிலும் பணத்தைப் பைசாவிலும் முழு எண்ணாக வைத்துக் கணக்கிட்டு, பில்லில் காட்டும்போது மட்டும் கிலோவாகவும் ரூபாயாகவும் மாற்றினால் இந்தத் தலைவலி வராது.

போடி மேற்கு மலையில் எதிர்த்திசை

தேனி மாவட்டம் பொட்டிப்புரம் அருகே, போடி மேற்கு மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. உள்ளூர் மக்களும் அமைப்புகளும் எதிர்த்தனர். திட்டத்தை அனுமதிக்க முடியாது என்று 2022-இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அங்கே வைக்கத் திட்டமிட்ட 50,000 டன் இரும்பு உணர்கருவியை விஞ்ஞானிகள் முதலில் கம்ப்யூட்டரில்தான் கட்டிப் பார்த்தார்கள். அதற்கு உதவிய மென்பொருள்களில் ஒன்று, ஐரோப்பாவின் செர்ன் உருவாக்கிய ரூட். அதில் கிளிங் என்ற பகுதி இருக்கிறது. கம்பைல் செய்தே ஓட்ட வேண்டிய சி++ வரிகளை, ஸ்கிரிப்ட் மொழி போல ஒவ்வொன்றாக டைப் செய்து அங்கேயே விடை பார்க்கலாம். ஜாவாஸ்கிரிப்டைச் சி பக்கம் இழுக்கிறவர்கள் ஒருபுறம், சி++-ஐ ஸ்கிரிப்ட் பக்கம் இழுக்கிறவர்கள் இன்னொருபுறம்.

சி-யும் ஜாவாஸ்கிரிப்ட் ஆகும்

அலோன் சகாய் 2010-இல் தொடங்கிய எம்ஸ்கிரிப்டன், சி புரோகிராம்களை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றியது. அடுத்த ஆண்டே பெல்லார்ட் பிரவுசருக்குள் லினக்ஸை ஓட்டிக் காட்டினார். இந்த முயற்சிகளின் தொடர்ச்சியாக வந்த வெப்அசெம்பிளி 2019 டிசம்பரில் அதிகாரபூர்வ வெப் தரமானது.

சட்டைப்பை அளவு ஜாவாஸ்கிரிப்ட்

ஏலத் தோட்டத்தில் மண் ஈரம் பார்க்கும் கருவிக்குள் இருக்கும் சிப்பில் மெமரி கேபி கணக்கில்தான். அதிலும் ஜாவாஸ்கிரிப்ட் ஓடும். சாம்சங் வெளியிட்ட ஜெர்ரிஸ்கிரிப்டுக்கு 64 கேபி ரேம் போதும். பெல்லார்ட் 2025 டிசம்பரில் தந்த மைக்ரோகுவிக்ஜேஎஸ் 10 கேபியிலும் ஓடுகிறது. எஸ்ப்ருய்னோ என்ற சிறு போர்டில் இன்னும் ஒரு படி மேலே. ஃபங்ஷனின் தலையில் 'கம்பைல்டு' என்று ஒரு வார்த்தை எழுதினால், அது சர்வருக்குப் போய் சி++ ஆக மாறி, ஜிசிசி வழியாக மெஷின் கோடாகித் திரும்பி வந்து போர்டில் இறங்கும். பண்ணையில் கம்பைலரே வேண்டாம்.

விண்வெளியிலும்

2021 டிசம்பர் 25 அன்று கிளம்பிய ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியில், எந்த நேரத்தில் எந்தக் கருவி எதைப் பார்க்க வேண்டும் என்ற கட்டளைகள் ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்டவை. அவற்றை எக்ஸ்இ ஆக்கவில்லை. ஸ்கிரிப்டாகவே அனுப்பினால்தான் பூமியிலிருந்து மாற்றுவது எளிது.

போன் ஆப்பில் ஏற்கெனவே இருக்கிறது

ரியாக்ட் நேட்டிவ் என்ற ஆப் கட்டமைப்பில் எழுதிய ஆப்களில் 2022 முதல் மெட்டாவின் ஹெர்மிஸ்தான் இயல்பான எஞ்சின். ஆப் உருவாக்கும் இடத்திலேயே ஜாவாஸ்கிரிப்டை பைட்கோடாக்கி அனுப்பிவிடும். விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனிலும் ஆப் சட்டென்று திறப்பதற்காகவே 2019-இல் வந்த ஏற்பாடு இது.

பூட்டு என்று நினைக்காதீர்கள்

பைனரியாக்கிவிட்டால் கோடு ரகசியமாகிவிடுமா? ஆகாது. உள்ளே இருக்கும் ஆங்கிலச் சொற்றொடர்கள், முகவரிகள் பலவற்றை லினக்ஸின் 'ஸ்ட்ரிங்ஸ்' கட்டளையே வெளியே எடுத்துக் காட்டிவிடும். பாஸ்வேர்டை எக்ஸ்இக்குள் புதைத்து வைப்பது, சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டு ஊருக்குப் போவதுதான்.

பட்டன் கூடவே வராது

பிரவுசரில் ஓடிய புரோகிராமை அப்படியே எக்ஸ்இ ஆக்க முடியாது. பட்டன், படம், ஃபார்ம் எல்லாம் பிரவுசர் தரும் வசதிகள். மொழியின் பகுதி அல்ல. கணக்குப் போடும் பகுதியை முதலிலேயே தனி ஃபைலாக எழுதி வைத்தவர்களுக்கு மட்டும் இந்த வேலை சுலபம். இன்னொன்று: லினக்ஸில் உருவாக்கிய பைனரி விண்டோஸில் ஓடாது. இடையில் கிடைத்த சி ஃபைலை எடுத்துப்போய் அங்கே மறுபடி கம்பைல் செய்யலாம்.

எதை எக்ஸ்இ ஆக்கக் கூடாது?

1987-இல் அமைந்த ஸ்பைசஸ் போர்டு, போடியிலும் கேரளத்தின் புற்றடியிலும் ஏலக்காய்க்கு மின்னணு ஏலம் நடத்துகிறது. 2019 ஆகஸ்டில் புற்றடியில் விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அப்படிப்பட்ட ஏலத்தில் வியாபாரிகள் எல்லோரும் ஒரே நொடியில் ஒரே விலையைப் பார்க்க வேண்டும். விதி மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் எல்லோருக்கும் போய்ச்சேர வேண்டும். இந்த மாதிரி வேலை சர்வரிலும் பிரவுசரிலும் இருப்பதே சரி. மலைக்கு மேலே, டவர் வருவதும் போவதுமாக இருக்கும் தோட்டத்தில் காயை எடை போட்டுக் கணக்கு வைப்பதற்கு எக்ஸ்இ பொருந்தும்.

வாங்கும் முன் கேளுங்கள்

'உங்கள் சாஃப்ட்வேரை நேட்டிவ் ஆக்கித் தருகிறோம்' என்று யாராவது வந்தால் இரண்டு கேள்வி போதும். ஃபைல் எத்தனை எம்பி? உள்ளே ஈவால் வேலை செய்கிறதா? 60, 70 எம்பி என்றால் பெரும்பாலும் மூட்டை கட்டியது. ஃபைல் சிறியதாக இருந்து ஈவாலும் ஓடினால் பைட்கோடும் எஞ்சினும் சேர்ந்தது. ஈவால் கிடையாது, வகையெல்லாம் எழுதித் தர வேண்டும் என்று சொன்னால் உண்மையாகவே சி ஆகப் பெயர்ப்பவராக இருக்கலாம். அவரிடம் மூன்றாவதாக ஒன்று கேளுங்கள்: உங்கள் கணக்கு முன்பு எத்தனை நொடி எடுத்தது, இப்போது எத்தனை நொடி? அதற்கு எண்ணில் பதில் வந்தால் பணம் கொடுங்கள்.